தண்ணீர் போன கதவு

நான் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவன்.
பதினோரு வருஷம் தீயணைப்பில்;
அணைத்ததைவிட அளந்தது அதிகம்.

மண்டபத்தில், தண்டவாளத்துக்குத் தெற்கே
ஒரு நண்டுக் கம்பெனி.
வெந்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை.
அறுபத்து மூன்று பெண்கள், நீலத் தொப்பி,
விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.
மாடிப்படியில் தெர்மாகோல் பெட்டிகள் கூரை வரைக்கும்.
படிக்குக் கீழே வாட்ச்மேன்
காதில் பீடி செருகியிருந்தார்.

நிலைய அலுவலர் அமலோற்பவம் அம்மா
அளக்கச் சொன்னார்.
ஒன்றரை மீட்டர் படி.
பெட்டி போக மிச்சம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.
"நானே ஒருக்களிச்சுத்தான் போகணும்" என்றார்.
மேனேஜர் சிரித்தார்.
அம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

சிவப்பு சிலிண்டர் ஆறு.
ஆறிலும் புதுச் சீட்டு, போன மாதத் தேதி.
ஒன்றின் பின்னை இழுத்தேன், வரவில்லை.
உப்புக்காற்று அதைக் கழுத்தோடு கட்டிவிட்டிருந்தது.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
இந்தக் கரையில் இரும்பை நம்ப முடியாது.
பூட்டு மட்டும் பளபளவென்றிருக்கும்,
தினமும் எண்ணெய் போடுவார்கள்.

அது பின்கதவில் தொங்கியது.
"சதை வெளியே போயிருது மேடம்.
கிலோ என்ன விலைன்னு தெரியுமா?"
அம்மா விலை கேட்கவில்லை.
பூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"ஏர்வாடி இங்கேருந்து எவ்வளவு தூரம்?"
மேனேஜர் வெளியூர்.
பஸ்ஸிலா, காரிலா என்றார்.
ஊர்ப் பெண்கள் நண்டைக் கீழே வைத்துவிட்டுக்
கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு மெயினை அணைக்கச் சொன்னார்.
"ஒத்திகை. தீ முன்வாசல்ல, ஜெனரேட்டர்ல.
இப்ப வெளியே வாங்க."
பட்டப்பகல்தான்.
ஆனால் குளிர் போகாமலிருக்க ஜன்னலே வைக்காத கூடம்.
நண்டு ஓட்டுக்குள் இருக்கிற இருட்டு.
ஸ்டாப்வாட்ச் என் கையில்.
தட்டு ஒன்று விழுந்து வெகுநேரம் சுற்றியது.
யாரோ தங்கச்சி பெயரைக் கூப்பிட்டார்கள்.

அப்போது களஞ்சியம் என்கிறவள் குரல்:
"செருப்பைக் கழட்டுங்கடீ.
காலுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ
அந்தப் பக்கமே வாங்க."

கழுவின தண்ணீருக்குக் கடல் பக்கம் வாட்டம்.
அறுபத்து மூன்று ஜோடிக் கால்
தரையைக் கேட்டுக் கேட்டு நடந்தது.
ஒரு நிமிஷம் இருபது விநாடி.
தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து போய்விட்டது.
அவர்கள் நின்றார்கள்.

சாவி சூப்பர்வைசரிடம்.
சூப்பர்வைசர் உச்சிப்புளியில், மச்சினன் வீட்டு விசேஷத்தில்.
மெயினைப் போட்டார்கள்.
பெண்கள் மறுபடி நண்டுக்குப் போனார்கள்.
வாட்சை நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு வரவில்லை.

படிவத்தில் 'வெளியேற ஆன நேரம்' என்கிற கட்டம் ரொம்பச் சின்னது.
நாற்பத்தேழு நிமிஷம் என்று நெருக்கி எழுதினார்.
"வெறும் ஒத்திகைக்கு இதைப் போய் எழுதணுமா மேடம்?"
"ஒத்திகைங்கிறதாலதான் நிமிஷத்துல எழுதறேன்.
நெசம்னா ஆள் கணக்குல எழுதணும்."

அடுத்த மாதம் மறுபடி போனோம்.
பெட்டிகள் இறங்கியிருந்தன, பாதி.
பின்கதவில் பூட்டு இல்லை;
உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கம்பி.
அதற்கும் யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள்.
மேனேஜருக்கு ஒரே ஒரு புகார்:
மத்தியானச் சோற்றுக்குப் பெண்கள் கதவைத் திறந்து வைக்கிறார்களாம்,
பூனை வருகிறதாம்.
மூன்று. அதில் ஒன்று சினை.
பூனைக்கு விதியில் என்ன இருக்கிறது என்றார்.

அம்மா நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டினார்.
நான் டேப்பைச் சுருட்டினேன்.
அதற்குள்ளும் உப்பு,
நறநறவென்று.